மேலத்தெரு சொந்தங்கள்: நிலா பிறந்தநாள்

சுதா: இந்த முறையும் பொங்கலன்றுதான் நிலா பிறந்தநாள். எல்லாரும் பொங்கல் கிண்டிக்கொண்டே வாழ்த்துகிறீர்கள் என்று அழுகிறாள். 25 ஞாயிறு வைத்துக்கொள்ளலாமா? கேக் கடைக்கு இன்றே சொல்லணும்

மணி மாமா: மதியச் சாப்பாடு உண்டா?

லதா அத்தை: தேதியை மாற்றுவதாவது! நட்சத்திரம் பார், அதுவே வேறு நாளில் வரும்

ராமு பெரியப்பா: சுதா, இதற்கு முன்னுதாரணமே இருக்கிறது. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், எடின்பரோவில் 1850 நவம்பர் 13 பிறந்தவர், கடைசியில் சமோவா தீவில் குடியிருந்தார். அங்கே வந்த அமெரிக்க அதிகாரி ஐடின் மகள் ஆனி, கிறிஸ்துமஸ் அன்று பிறந்ததால் தனியாகப் பிறந்தநாளே இல்லை என்று குறைப்பட்டாளாம். மனுஷர் 1891இல் சாட்சிக் கையெழுத்தோடு பத்திரமே எழுதி, தன் நவம்பர் 13ஐ அவளுக்குக் கொடுத்துவிட்டார், எனக்கு இனி அது தேவைப்படாது என்று. அவள் ஒழுங்காகக் கொண்டாடாவிட்டால் அந்த நாள் அமெரிக்க ஜனாதிபதிக்குப் போய்விடும் என்று ஷரத்து வேறு!

மணி மாமா: முத்திரைத்தாள் எவ்வளவு 😂

சுதா: பெரியப்பா, கேக்...

கண்ணன்: அவரும் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவர்தானே பெரியப்பா?

ராமு பெரியப்பா: ஆமாம்டா. கலங்கரை விளக்கம் கட்டுகிற குடும்பம். தாத்தா கட்டிய பெல் ராக், அலை மூடும் பாறைமேல் இன்றும் நிற்கிறது. 1871இல் இவர் அந்தத் தொழில் வேண்டாம் என்றதும், அப்பா சட்டமாவது படி என்றார்

சுந்தரம் சித்தப்பா: அதை முடித்தாரா?

ராமு பெரியப்பா: 1875இல் வக்கீலானார். தொழில்தான் பார்க்கவில்லை

சுந்தரம் சித்தப்பா: முடித்தார் அல்லவா. சிலர் அதுவும் இல்லை

கண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லதா அத்தை: சுந்தரம், குழுவில் வேண்டாமே

மணி மாமா: ஒற்றைக்கால் கொள்ளைக்காரன், தோளில் கிளி, அந்தக் கதை இவருடையதா?

ராமு பெரியப்பா: அதே. புதையல் தீவு. 1881இல் பிரேமார் ஊரில் ஓயாத மழை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த வளர்ப்பு மகனோடு விளையாட்டாக ஒரு தீவுப் படம் வரைந்தார்கள், அதிலிருந்து முளைத்த கதை. கால் இழந்த ஹென்லி என்ற நண்பரை மனதில் வைத்துத்தான் அந்தக் கொள்ளைக்காரன். சின்ன வயதிலிருந்தே நெஞ்சு நோய், படுக்கையில் கிடந்தே எத்தனை எழுதினார்! 44 வயதில் போய்விட்டார். சமோவா மக்கள் காட்டை வெட்டிப் பாதை போட்டு மலையுச்சிக்குத் தூக்கிப் போனார்கள்

லதா அத்தை: நல்ல நாளும் அதுவுமாக சாவுக் கதை எதற்கு அண்ணா

சுதா: நிலா கேட்கிறாள், பெரிய தாத்தா பிறந்தநாளைத் தருவாரா?

ராமு பெரியப்பா: தாராளமாக! பிப்ரவரி 29

சுதா: 🤦 மறுபடி அழுகிறாள்

லதா அத்தை: 25 எனக்குத் தோதுப்படுமா தெரியவில்லை, ராத்திரி சொல்கிறேன். கேக்கில் முட்டை வேண்டாம்

மணி மாமா: சாப்பாடு?