காகித லாக்புக்கிலிருந்து ஆன்லைனுக்கு: உங்களுக்கு என்ன நடந்தது?

ஃபர்ஸ்ட் ஆபீசர், ஏ320, சென்னை

வணக்கம். பறக்கிறவர்களும் பயிற்சியில் இருக்கிறவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். லாக்புக்கை, அதாவது நாம் பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் பதிவேட்டை, காகிதத்திலிருந்து ஆன்லைனுக்குக் கொண்டுபோனபோது என்ன நடந்தது என்று ஆளுக்கொன்று எழுதினால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். எந்தச் செயலி சிறந்தது என்ற சண்டை வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள்.

முதலில் என்னுடையது. 2015 டிசம்பரில் நான் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்கிவிட்டு வேலைக்காகக் காத்திருந்தேன். வீடு முடிச்சூரில். அடையாறு பெருகி தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். மீனம்பாக்கம் ஓடுபாதையே மூழ்கி, 1ஆம் தேதி இரவிலிருந்து 6ஆம் தேதி வரை விமான நிலையம் மூடிக் கிடந்த வெள்ளம் அது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த லாக்புக் ஊறி உப்பிவிட்டது. பால்பாயின்ட் எழுத்து ஓரளவு தப்பியது. இங்க் பேனாவில் எழுதிய பக்கங்களில் நீலக் கறைதான் மிச்சம்.

வேறு எது போனாலும் திரும்ப வாங்கலாம். இருநூறு மணி நேரம் பறந்ததற்கு என் கையில் இருந்த சாட்சி அது. அந்த மணிகளுக்காக அப்பா வாங்கிய கடன் அப்போது பாதிகூட அடையவில்லை.

மீட்டது எப்படி என்றால், பயிற்சிப் பள்ளியில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு, பயிற்சிக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போடும் புத்தகமும் உண்டு. அங்கே போய் உட்கார்ந்து என் பெயர் வரும் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். தப்பிய பக்கங்களோடு ஒப்பிட்டேன். சிஎஃப்ஐ (தலைமைப் பறப்புப் பயிற்றுநர்) பொறுமையாகப் பார்த்துச் சான்று கொடுத்தார். அந்த வரிகளை அப்படியே எக்ஸெல்லில் அடித்து ஆன்லைன் லாக்புக்கில் ஏற்றினேன். வசதிக்காகத்தான் எல்லோரும் ஆன்லைனுக்குப் போவதாகச் சொல்கிறார்கள். நான் பயத்தில் போனேன், அந்தப் பயம் நியாயமானது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். தரைத்தளத்தில் குடியிருக்கும் பயிற்சி விமானிகள் இன்றே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமாவது எடுத்துவையுங்கள்.

பயிற்சி விமானி, மதுரை (பயிற்சி வட இந்தியாவில்)

அண்ணா, படிக்கும்போதே வயிறு கலங்கிவிட்டது. படம் எடுத்துவிட்டேன்.

என் அனுபவம் வேறு மாதிரி. சிபிஎல்லுக்கு 200 மணி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இருக்கும் கணக்குதான் படுத்துகிறது. பிஐசியாக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக, 100 மணி. அதில் 15 மணி விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். கிராஸ் கன்ட்ரி (வேறு ஊருக்குப் போகும் பறப்பு) 20 மணி, அதில் 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாத ஒரு பயணம், வழியில் வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி நின்று கிளம்ப வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் கருவிப் பறப்பு 10 மணி. இரவில் 5 மணி, பத்து டேக்-ஆஃப், பத்து லேண்டிங், அதுவும் அந்த ஆறு மாத வரம்புக்குள்.

மழைக்காலம் வந்தால் எங்கள் பள்ளியில் பறப்பு பல நாள் நின்றுபோகும். மேகம் கீழே இறங்கிவிடும், சில சமயம் வாரக்கணக்கில் அறையிலேயே உட்கார்ந்திருப்போம். அந்த ஆறு மாத வரம்பு மட்டும் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். காகிதத்தில் மொத்தம் போட்டுப் பார்த்தால் எல்லாம் முடிந்த மாதிரி தெரிகிறது. ஆன்லைனில் தேதி வரம்பு கொடுத்துப் பார்த்தேன், பழைய இரவு லேண்டிங்குகள் சில செல்லாமல் போகப்போவது முன்கூட்டியே தெரிந்தது. மழை விட்டதும் முதலில் இரவுப் பறப்பு கொடுங்கள் என்று இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு வாங்கினேன். இதைக் கவனிக்காமல் விட்டதால், என்னோடு படித்த ஒரு அக்கா மறுபடி பணம் கட்டி இரவில் பறந்தார்.

குறை ஒன்றும் சொல்ல வேண்டும். டிஜிசிஏவின் (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) இ-ஜிசிஏ இணையதளத்தில் நாம் ஏற்றும் பறப்பைப் பள்ளி ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் பள்ளியில் அது மாதக்கணக்கில் தேங்கும். தினமும் அலுவலகத்துக்குப் போய் நின்றால்தான் நகர்கிறது. பதிவை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று வந்த ஏற்பாட்டில் ஒரு ஒப்புதலுக்காக வாசலில் நிற்க வேண்டியிருப்பது வேதனை.

ஃபர்ஸ்ட் ஆபீசர், கோயம்புத்தூர் (பயிற்சி ஃபுளோரிடாவில்)

வெளிநாட்டில் பயிற்சி எடுக்கப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

அமெரிக்கப் பயிற்சி விமானங்களில் ஹாப்ஸ் மீட்டர் நேரத்தைத் தசமத்தில் காட்டும். 1.3 என்றால் ஒரு மணி 18 நிமிடம். ஒரு புள்ளிக்கு ஆறு நிமிடம். இங்கே நாம் மணி, நிமிடம் என்று எழுதுகிறோம். நான் அங்கே ஆன்லைன் லாக்புக்கில் வைத்திருந்ததைக் கோப்பாக இறக்கி இங்கே இன்னொன்றில் ஏற்றியபோது, 1.3 எல்லாம் ஒரு மணி மூன்று நிமிடமாக உட்கார்ந்துவிட்டது. மொத்தம் சரிந்ததைப் பார்த்ததும்தான் உறைத்தது. எதை மாற்றினாலும் முதலில் பத்து வரி மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் பிஐசி கட்டம். அமெரிக்க விதிப்படி, அந்த ரகத்துக்கு உரிமம் பெற்றவர் தானே கட்டுப்பாட்டைப் பிடித்து ஓட்டும் நேரத்தை பிஐசி என்று எழுதலாம். ஒருவர் ஃபாகிள்ஸ் (வெளியே தெரியாமல் மறைக்கும் கண்ணாடி) மாட்டிக்கொண்டு கருவிகளைப் பார்த்து ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் வெளியே பார்த்துக்கொள்ளும் சேஃப்டி பைலட்டாக, விமானத்துக்குப் பொறுப்பேற்றவராக இருந்தால் இருவருமே அந்த நேரத்தை பிஐசியில் எழுதிக்கொள்ளலாம். அங்கே அது முழுக்க முறைப்படியானது. நம் ஊரில் ஒரு விமானத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிஐசி. உரிமத்தை மாற்ற வரும்போது அந்த மணிகள் தனியாகத் தெரிய வேண்டும்.

முதல் நாளிலிருந்தே சேஃப்டி பைலட் நேரத்துக்கென்று ஆன்லைனில் ஒரு கூடுதல் கட்டம் வைத்திருந்தேன். அங்கிருந்த ஒரு மூத்த இந்திய மாணவர் சொல்லிக்கொடுத்தது. இங்கே வந்து விண்ணப்பம் தயாரித்தபோது அந்த ஒரு கட்டத்தைக் கழித்ததோடு வேலை முடிந்தது. காகிதத்தில் இருந்திருந்தால் ஒவ்வொரு வரியின் குறிப்பையும் படித்துப் பிரித்திருக்க வேண்டும்.

கேப்டன், திருச்சி

தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரவு எது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குப் பின் தொடங்கி, உதிப்பதற்கு 20 நிமிடம் முன்பு முடிகிறது. அமெரிக்காவில் பறப்பு நேரத்துக்குக் குடிமை அந்தி, அதாவது சூரியன் தொடுவானத்துக்கு ஆறு பாகை கீழே இறங்கிய பிறகு. பயணிகளோடு இரவில் பறக்கத் தேவையான லேண்டிங் கணக்குக்கோ மறைந்து ஒரு மணி நேரம் கழித்து. சென்னை மாதிரி இடத்தில் முதல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். வடக்கே போகப் போக இடைவெளி கூடும். வெளிநாட்டுச் செயலி வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள்.

நான் காகிதத்தில் இரவு நேரத்தைக் கணக்கிட்ட காலத்தில் சூரிய அட்டவணையைக் கையில் வைத்திருப்பேன். நம் நாடு முழுக்க ஒரே கடிகாரம், ஆனால் சூரியன் அப்படி இல்லையே. டிசம்பரில் குவாஹாட்டியில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். அதே நாளில் சென்னையில் கிட்டத்தட்ட ஐந்தே முக்கால். பிற்பகலில் சென்னையிலிருந்து குவாஹாட்டிக்கோ போர்ட் பிளேருக்கோ போனால் நாம் இருட்டை நோக்கிப் போகிறோம். இரவு எங்கே தொடங்கியது? கிளம்பிய ஊர் நேரமா, சேர்ந்த ஊர் நேரமா? நடுக்கடலில் இருக்கும்போது யாருடைய அஸ்தமனம்? ஆன்லைன் லாக்புக் வழியில் விமானம் இருக்கும் இடத்தை வைத்து நிமிடத்தோடு கணக்கிட்டுத் தருகிறது. இதை நான் மனதார வரவேற்கிறேன். என் தலைமுறை இந்த ஒரு கட்டத்தை நிரப்ப எத்தனை மாலைகளைச் செலவழித்தது!

அப்புறம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். சென்னையில் அதிகாலை ஒரு மணிக்குக் கிளம்பினால் யுடிசியில் முந்தைய நாள் இரவு ஏழரை. ரோஸ்டர் (பணி அட்டவணை) ஒரு தேதி சொல்லும், லாக்புக் இன்னொரு தேதி சொல்லும். ரோஸ்டரிலிருந்து தானாக இழுத்துக்கொள்ளும் வசதி இருப்பவர்கள் மாதக் கடைசி இரவுப் பறப்புகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள்; மாத மொத்தம் அங்கேதான் பிசகும்.

ஹெலிகாப்டர் விமானி, மும்பை

உங்களுக்கெல்லாம் விமானம் கிளம்புவதற்காக நகர ஆரம்பித்ததிலிருந்து கடைசியாக நிற்கும்வரை பறப்பு நேரம். எங்களுக்குச் சுழலி சுற்ற ஆரம்பித்ததிலிருந்து நிற்கும்வரை. ஜுஹுவிலிருந்து கடலில் இருக்கும் பாம்பே ஹை எண்ணெய் வயலுக்குப் போய், மேடையில் சுழலி சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை ஏற்றி இறக்கி, அடுத்த மேடைக்குப் போவோம். நான் முதலில் பார்த்த ஆன்லைன் லாக்புக்குகள் பலவும் ஒரு பயணத்துக்கு ஒரு லேண்டிங் என்றே நினைத்துக்கொள்ளும். மேடைத் தரையிறக்கங்களுக்குத் தனிக் கட்டம் சேர்க்க வழியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஹெலிகாப்டருக்கு வருகிறவர்கள் இதை முதலில் பாருங்கள்.

ஓய்வுபெற்ற கேப்டன், தாம்பரம்

பிள்ளைகளா, எல்லாவற்றையும் படித்தேன். மகிழ்ச்சி.

நான் புஷ்பக் விமானத்தில் கற்றவன். துணி போர்த்திய இறக்கை, இரண்டே இருக்கை. எங்கள் காலத்தில் ஒவ்வொரு வரியையும் மையில் எழுத வேண்டும், அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து. கடைசிப் பதிவிலிருந்து ஐந்து ஆண்டாவது புத்தகத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். 1937ஆம் ஆண்டு விமான விதிகள் அப்படித்தான் சொல்லின.

மூத்த அதிகாரிகள் 'பார்க்கர் பேனா மணி' என்று ஒன்றைச் சொல்வார்கள். பறக்காமல் பேனாவால் பறந்த மணி. இதை நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. 2011ல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் கைதானார்கள். அதே ஆண்டு ராஜஸ்தானில் பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிக் கொடுத்ததாக ஒரு வழக்கும் வந்தது. நாடு முழுக்க உரிமங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். நேர்மையாகப் பறந்தவர்களும் அப்போது சந்தேகப் பார்வையைத் தாங்க வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த நல்ல பிள்ளைகள் பலர் பழைய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

ஆன்லைன் பதிவில் எனக்குப் பிடித்தது அதுதான். நீங்கள் ஒரு வரி போட்டால், அதே நாள் அதே பதிவெண் கொண்ட விமானம் எங்கே இருந்தது என்று இன்னொரு பதிவோடு ஒப்பிட முடியும். பள்ளியின் ஒப்புதல் தாமதமாகிறது என்று மதுரைப் பெண் எழுதியிருந்தாள். தாமதம் தவறுதான் அம்மா, கேட்டு வாங்கு. ஆனால் அந்த ஒப்புதல் வேண்டாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் மணிகளை வேறொருவர் பார்த்து ஆம் என்று சொல்வது உனக்கான பாதுகாப்பு.

ஒரு குறை எனக்கு உண்டு. என் மகள் என் புத்தகங்களை ஆன்லைனில் ஏற்றித் தந்தபோது குறிப்புக் கட்டத்தை விட்டுவிடலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். எதிர்க்காற்று, எஞ்சின் கரகரப்பு, இன்ஸ்ட்ரக்டர் சொன்ன ஒரு வார்த்தை, எல்லாம் அங்கேதான் இருக்கிறது. நீங்களும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ரோஸ்டர் தானாக நிரப்பாத ஒரே இடம் அது.

கேப்டன், வளைகுடா நாடு ஒன்றிலிருந்து

ஐயா சொன்ன பிறகு நான் சொல்ல வருவது கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் அவசியம்.

நான் பல ஆண்டு பணம் கட்டி வைத்திருந்த ஒரு சேவை மூடப்போவதாக மின்னஞ்சல் வந்தது. பெயர் வேண்டாம். தரவை இறக்கிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள், அதில் குறையில்லை. இறக்கிய கோப்பில் எண்கள் எல்லாம் இருந்தன. இன்ஸ்ட்ரக்டர்கள் திரையில் போட்ட கையெழுத்துகள் மட்டும் வரவில்லை. நல்லவேளையாக மாதாமாதம் பிடிஎஃப் எடுத்துவைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. சிஎஸ்வி கோப்பு வேறு லாக்புக்கில் ஏற்றுவதற்கு, பிடிஎஃப் மற்றவருக்குக் காட்டுவதற்கு. இரண்டும் வேண்டும், இரண்டு இடத்தில் வேண்டும்.

2020ல் நான் இந்தியாவில் இருந்தேன். மார்ச் 25லிருந்து மே 25 வரை உள்நாட்டுச் சேவை நின்றது. பயணிகளோடு பறக்கத் தேவையான, 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் என்ற கணக்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தேதியில் தீர்ந்துகொண்டே வந்தது. என் லாக்புக் அந்தத் தேதியை முன்பே காட்டியதால் சிமுலேட்டர் நேரத்துக்கு எழுதிக் கேட்க முடிந்தது. அப்போது சிமுலேட்டர் கிடைப்பதே பெரும்பாடு.

பயிற்சி விமானி, மதுரை

ஐயாவுக்கு நன்றி. குறிப்புக் கட்டத்தை இன்றிலிருந்து எழுதுகிறேன்.

ஒரு கேள்வி: என் தோழியிடம் காகிதத்தில் ஒரு புத்தகம் முழுக்க இருக்கிறது. எல்லா வரியையும் அடிக்க வேண்டுமா, மொத்தத்தை மட்டும் போட்டுத் தொடங்கலாமா?

ஃபர்ஸ்ட் ஆபீசர், ஏ320, சென்னை

பல ஆயிரம் மணி பறந்த கேப்டன் என்றால் ஒவ்வொரு விமான வகைக்கும் ஒரு முன்கொணர் வரி (அதுவரையிலான மொத்தம்) போட்டுத் தொடங்கலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஏ320க்கு ஒன்று, ஏடிஆருக்கு ஒன்று, பயிற்சி விமானத்துக்கு ஒன்று என்று பிரித்துப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டினால் சிங்கிள் எஞ்சின், மல்டி எஞ்சின் கணக்கு பிறகு பிரியாது.

உங்கள் தோழிக்கு அது சரிவராது. நீங்கள் சொன்ன ஆறு மாத வரம்பு தேதியை வைத்துத்தான் வேலை செய்கிறது. மொத்த வரியில் தேதி இல்லை. பயிற்சிக் காலத்துப் பறப்பு முழுவதையும் வரிவரியாக அடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் அடித்தால் சீக்கிரம் முடியும், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் காகிதத்தின் பக்க மொத்தமும் திரையில் வரும் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். ஒத்துப்போகாத பக்கத்தை அப்போதே முடித்துவிட வேண்டும்.