500 ரூபாய்க்குள் ஷேவிங் செட்: உப்புக்காற்று ஊரில் எதற்குச் செலவு செய்வது?

மண்டபத்தான்:
வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இதுவரை யூஸ் அண்ட் த்ரோ ரேசரில்தான் ஓட்டினேன். கழுத்தில் முடி உள்ளுக்குள்ளேயே சுருண்டு கொப்புளம் கொப்புளமாக வருகிறது. அதனால் பிளேடு மாட்டுகிற பழைய ரேசர், பிரஷ், கிரீம் என்று ஒரு செட் சேர்க்கலாமென்று இருக்கிறேன். 500 ரூபாய்தான் ஒதுக்க முடியும். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு, போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. எதற்கு எவ்வளவு போடலாம்?

பாம்பன் பாலத்தடி:
தம்பி, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து 800, 900 சேர்த்துக்கொண்டு பித்தளை ரேசராக வாங்கு. 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கிற பளபள ரேசர்களில் பெரும்பாலானவற்றின் தலை துத்தநாகக் கலவையில் வார்த்தது, மேலே குரோமியம் பூச்சு அவ்வளவுதான். நம் பக்கத்து உப்புக்காற்றில் அந்தப் பூச்சில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், உள்ளே இருக்கிற துத்தநாகத்தை உப்பு அரிக்க ஆரம்பித்துவிடும், பூச்சு கொப்பளித்து உரியும், கடைசியில் திருகு மரையோடு தலை தனியாகக் கையில் வந்துவிடும். பித்தளையில் பூச்சு போனாலும் உலோகம் மங்குமே தவிர இற்றுப்போகாது. அப்பா வாங்கினதை மகன் வைத்துக்கொள்ளலாம். மலிவாக வாங்கி மறுபடி மறுபடி வாங்குவது சிக்கனமே இல்லை.

தொண்டிக்காரன்:
அண்ணே, அவர் கேட்டது 500 ரூபாய்க்கு. நீங்கள் ரேசருக்கு மட்டுமே 900 சொல்கிறீர்கள், பிரஷும் பிளேடும் யார் வாங்குவது? துருதான் பயமென்றால் பிளாஸ்டிக் தலை வைத்த ரேசர் இருக்கிறதே, நூறு ரூபாய்க்குள் ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும், உப்பு அதை ஒன்றும் செய்யாது. சவரம் செய்வது ரேசர் இல்லை, பிளேடுதான். எல்லா ரேசருக்கும் ஒரே அளவு பிளேடு, 1904இல் ஜில்லெட் காப்புரிமை வாங்கின அந்த இரண்டு பக்க பிளேடு முறைதான் இன்றைக்கும் ஓடுகிறது. ஆகவே காசை நல்ல பிளேடில் போடுங்கள். வில்கின்சன், செவன் ஓ கிளாக், டோபாஸ், சூப்பர்மேக்ஸ் என்று நாலு வகையில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஒருத்தர் தோலுக்கு வெண்ணெயாக ஓடுவது இன்னொருத்தருக்கு இழுக்கும், அதை யாரும் சொல்லித் தெரியாது.

பாம்பன் பாலத்தடி:
பிளாஸ்டிக்கில் எடை கிடையாது. எடை இல்லாத ரேசரை ஓட்டும்போது கை தானாக அழுத்தும், புதிதாகப் பழகுகிறவன் அழுத்தினால் தோல்தான் கிழியும். கனமான ரேசரைக் கன்னத்தில் வைத்துவிட்டு, பிளேடு தோலுக்குச் சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும், அதன் எடையே வேலையைச் செய்துவிடும். தம்பிக்குக் கழுத்தில் கொப்புளம் வருகிறது என்று சொன்னதைப் படித்தீர்களா இல்லையா?

உச்சிப்புளி வாசி:
ரேசரைப் பற்றி இவ்வளவு பேச்சு, தண்ணீரைப் பற்றி யாருமே வாயைத் திறக்கவில்லை. இராமநாதபுரத்துக் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு சவரத்தைப் பற்றிப் பேசினால் முதல் பேச்சு தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். போர் தண்ணீரில் உப்போடு கால்சியமும் மக்னீசியமும் கிடக்கிறது. சோப்பு அதோடு சேர்ந்ததும் திரிந்து வெள்ளைப் பிசுக்காகிவிடும், நுரை எழும்பாது, எழும்பினாலும் கன்னத்தில் நிற்காமல் காய்ந்துவிடும். டியூப் கிரீமும் அடிப்படையில் சோப்புதான், அதற்கும் இதே கதி. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், கொதித்தால் கார்பனேட்டாகப் படிகிற வகைக் கடினம் மட்டும்தான் போகும், குளோரைடாகக் கரைந்து கிடப்பது அப்படியே நிற்கும். நம் பக்கத்தில் தொல்லை கொடுப்பதில் பெரிய பங்கு அதுதான்.

அதனால் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் தனியாக எடுத்து வையுங்கள். காவிரித் தண்ணீரோ, தள்ளுவண்டியில் குடம் வைத்துக் கொண்டுவருவதோ, மழைத் தண்ணீரோ, மணலில் தோண்டின ஊற்றுத் தண்ணீரோ எதுவானாலும் சரி. பிரஷை நனைக்கவும் நுரை அடிக்கவும் கால் லிட்டர் தாராளம். முகத்தை முதலில் உப்புத் தண்ணீரில் கழுவினாலும் கடைசியாக நல்ல தண்ணீரில் இரண்டு கை அள்ளி ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஊற விடுங்கள், முடி தண்ணீரை உறிஞ்சினால்தான் மெத்தென்று அறுபடும். முடிந்ததும் ரேசரைக் கழற்றி அதே நல்ல தண்ணீரில் அலசி, உதறி, காற்றில் வையுங்கள். துத்தநாகமோ பித்தளையோ, உப்புப் படியவிடாமல் அலசினால் இரண்டும் உழைக்கும். ஆக 500 ரூபாயே போதும், 900 தேவையில்லை.

பாம்பன் பாலத்தடி:
அலசுவது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் ஜன்னல் கம்பியே தினமும் துடைத்தாலும் பொரிகிறது. காற்றிலேயே உப்பு இருக்கும்போது அலசி என்ன ஆகப்போகிறது? என் பேச்சை நான் மாற்றிக்கொள்ளவில்லை, பித்தளைதான்.

கீழக்கரை காக்கா:
இந்தப் பாடெல்லாம் எதற்கு? மூன்று பிளேடு கார்ட்ரிஜ் ரேசர் ஒன்று வாங்கினால் நுரை அடிக்கவும் வேண்டாம், கோணம் பார்க்கவும் வேண்டாம். எங்கள் ஊரில் பாதி வீட்டில் ஆள் வெளிநாட்டுக்குப் போய்வந்துகொண்டே இருக்கிறது. கைப்பையில் தனி பிளேடு வைத்திருந்தால் விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், கார்ட்ரிஜ் என்றால் கேள்வி கிடையாது. காலையில் அவசரத்தில் ஓடுகிறவனுக்கு நேரமும் காசுதான்.

உச்சிப்புளி வாசி:
காக்கா, பயணத்துக்கு நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் இருக்கிறவர் கணக்கைப் பாருங்கள். வாரம் மூன்று தடவை என்றால் வருடத்துக்கு 156 சவரம். 150 ரூபாய் கார்ட்ரிஜ் ஒன்று ஒரு மாதம் வந்தாலும் வருடம் 1800. நாலு ரூபாய் பிளேடு ஒன்றில் நாலைந்து சவரம் என்று வைத்தால் 35 பிளேடு, 140 ரூபாய். அதைவிட முக்கியமானது தம்பியின் கழுத்து. பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியை இழுக்கும், அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழே அறுக்கும், அப்புறம் சுருள் முடி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே வளைந்து கொப்புளமாகும். ஒற்றை பிளேடை முடி சாய்ந்திருக்கிற திசையிலேயே ஓட்டினால் அது நன்றாகக் குறையும். இரண்டாம் தடவை எதிர்த்து ஓட்டாதீர்கள் தம்பி, கழுத்தில் கொஞ்சம் முள்முள்ளாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தேவிபட்டினம் தெற்குத்தெரு:
சலூனுக்குப் போனால் வேலை முடிந்தது. பாதி பிளேடை உடைத்துக் கத்தியில் மாட்டி, வெந்நீர்த் துண்டு போட்டு, படிகாரக் கல் தேய்த்து அனுப்புவார். அந்தக் கைப்பக்குவம் வீட்டில் வராது. தெருவில் ஒரு தொழில் நிற்பதும் நாம் போவதால்தான்.

தொண்டிக்காரன்:
பக்குவம் உண்மை அண்ணே. ஆனால் வாரம் இரண்டு தடவை, தடவைக்கு 50 ரூபாய் என்றாலே வருடம் 5000 தாண்டுகிறது. முடிவெட்ட மாதாமாதம் போகத்தானே போகிறோம், அவர் தொழில் நிற்கும். படிகாரக் கல்லை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வோம், நாட்டுமருந்துக் கடையில் 20 ரூபாய்க்குக் கட்டியாகத் தருவார்கள், சின்ன வெட்டில் இரத்தத்தை நிறுத்தும்.

மண்டபத்தான்:
பிரஷ் எது வாங்குவது? பன்றி முடியில் செய்ததுதான் நல்லது என்று கடைக்காரர் சொல்கிறார். இன்னொன்று, பிளேடு துரு பிடிக்காமல் இருக்கத் துண்டில் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள்.

உச்சிப்புளி வாசி:
செயற்கை இழை பிரஷ் வாங்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் முடி பிரஷ் காயவே காயாது, நாற்றமெடுக்கும். நைலான் சீக்கிரம் உலரும், குறைந்த கிரீமில் நுரை தரும். இழை கீழே பார்க்கும்படித் தொங்க விடுங்கள். பிளேடின் விளிம்பைத் துண்டால் துடைக்கவே கூடாது, விளிம்பில் மெல்லிய பூச்சு இருக்கிறது, அது போனால் அடுத்த சவரம் இழுக்கும். எண்ணெயும் வேண்டாம், இப்போதைய பிளேடு துருப்பிடிக்காத எஃகு, உதறினால் போதும்.

பாம்பன் பாலத்தடி:
எண்ணெய் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வாரம் வெளியூர் போகிறவன் ஒரு சொட்டு தடவி வைத்தால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. சரி, அது இருக்கட்டும். தம்பி, பழைய பிளேடைக் கடற்கரைக் குப்பையில் மட்டும் போட்டுவிடாதே. வலை காயப்போடுகிறவர்களும் பிள்ளைகளும் வெறுங்காலோடு நடக்கிற இடம். மூடி போட்ட தகர டப்பாவில் ஒரு கீறல் போட்டு அதற்குள் தள்ளிக்கொண்டே வா, நிறைய வருடங்கள் கழித்துத்தான் நிரம்பும். நிரம்பியதும் கீறலையும் ஒட்டி மூடி, உள்ளே பிளேடு இருக்கிறது என்று எழுதி, தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடு.