கட்டாரா கொல்லவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை: 'தி சதர்ன் ரைடர்ஸ்' முடிவு எப்படி நிற்கிறது?

நீலத்திமிங்கலம்:

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரின் மூன்றாம் புத்தகம் (சீசனை இதில் புத்தகம் என்பார்கள்), 16ஆம் எபிசோட். தாயைக் கொன்ற தீ நாட்டுப் படைக்காரனைத் தேடிப் போகிறாள் கட்டாரா, நீரை ஆட்டுவிக்கும் 'வாட்டர்பெண்டர்' சிறுமி. கண்டும் பிடிக்கிறாள். கொல்லாமல் திரும்பி வருகிறாள். ஆனால் மன்னிக்கவில்லை என்று வாய்விட்டே சொல்கிறாள்.

சிறுவர்களுக்கான தொடரில் இந்த மாதிரிக் கதை பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியில்தான் முடியும். நாயகி மனம் மாறி மன்னிப்பாள். இல்லையென்றால் வில்லன் கால் தவறிப் பள்ளத்தில் விழுந்து தானே சாவான். இங்கே இரண்டும் இல்லை. இதே முடிவை நாம் எழுதினால் எழுதுகிறவருக்கே தீர்மானம் இல்லாத மாதிரி மழுப்பலாகத் தெரியும். இதில் ஏன் அப்படித் தெரியவில்லை? முந்தைய எபிசோட்களில் என்னென்ன போட்டு வைத்திருக்கிறார்கள், இதற்குள் எதை எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்று காட்சி காட்சியாகச் சொன்னால் உதவியாக இருக்கும். 6 எபிசோட் கொண்ட ஒரு அனிமேஷன் கதைக்கு இப்படி ஒரு முடிச்சு தேவைப்படுகிறது.


கதைத்தச்சன்:

முதல் காரணம், மன்னிப்பு இந்த எபிசோடில் காணாமல் போகவில்லை. வேறொரு ஆளிடம் போய்ச் சேர்கிறது.

கட்டாராவுக்கு இரண்டு பேர் மேல் தீராத கோபம். அம்மா கயாவைக் கொன்ற யான் ரா ஒருவன். பா சிங் சே நகரத்தில் நம்பிக்கைத் துரோகம் செய்துவிட்டு, பிறகு அவள் குழுவிலேயே வந்து சேர்ந்த தீ நாட்டு இளவரசன் ஸூக்கோ இன்னொருவன். எபிசோட் தொடங்கும்போது இரண்டு கோபமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நான் என்னதான் செய்ய வேண்டும் என்று ஸூக்கோ கேட்கும்போது அவள் சொல்லும் பதிலைக் கவனியுங்கள். பா சிங் சேயை மீட்டுக் கொடு என்கிறாள், அடுத்த மூச்சிலேயே என் அம்மாவைத் திருப்பிக் கொண்டுவா என்கிறாள். அம்மா செத்ததில் ஸூக்கோவுக்குப் பங்கே கிடையாது. ஆனாலும் தீ நாட்டின் முகமாக எதிரில் நிற்பது அவன்தான், அதனால் மொத்தப் பழியும் அவன் தலையில் விழுகிறது.

கடைசிக் காட்சியில்தான் இரண்டும் பிரிகின்றன. யான் ராவை ஒருநாளும் மன்னிக்க மாட்டேன், ஆனால் உன்னை மன்னிக்கத் தயார் என்று சொல்லி ஸூக்கோவைக் கட்டிக்கொள்கிறாள். ஒரு கணக்கு தெளிவாக முடிந்துவிட்டதால், மற்றது முடியாமல் கிடப்பதைப் பார்ப்பவர் ஏற்றுக்கொள்கிறார். இரண்டுமே தொங்கலில் நின்றிருந்தால் நீங்கள் சொல்லும் மழுப்பல் வந்திருக்கும்.

இனி முன்பே போட்டு வைத்தவை. மிக முக்கியமானது இரண்டாம் புத்தகத்தின் கடைசி எபிசோட் (2006 டிசம்பர்). பா சிங் சேயின் அடியில் பளிங்குக் குகையில் இருவரும் அடைபட்டிருக்கும்போது, வட துருவத்தின் புனிதக் குளத்து நீரால் ஸூக்கோவின் முகத் தழும்பைக் குணமாக்கிப் பார்க்கலாம் என்கிறாள் கட்டாரா. தழும்பைத் தொட்டும்விடுகிறாள். அதற்குள் தொடரின் நாயகன் ஆங்கும் ஸூக்கோவின் பெரியப்பா ஐரோவும் வந்துவிடுகிறார்கள். சற்று நேரத்தில் ஸூக்கோ எதிர் அணியில் இருக்கும் தன் தங்கை அஸூலா பக்கம் போய்விடுகிறான். பிறகு மின்னல் தாக்கி விழுந்த ஆங்கை உயிர்ப்பிப்பது அதே நீர்தான். ஸூக்கோவுக்காகச் செலவாகியிருந்தால் ஆங் அன்றே போயிருப்பான். அவள் கோபம் மற்றவர்களைவிட ஆழமாக இருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம், முதலில் நம்பியவள் அவள்தான். மூன்றாம் புத்தகம் 12ஆம் எபிசோடில் ஸூக்கோ குழுவில் சேர்ந்ததும் தனியாக அவன் அறைக்கு வந்து, ஒரே ஒரு தப்பு செய், உன் கதையை நானே முடித்துவிடுகிறேன் என்ற தொனியில் மிரட்டிவிட்டுப் போகிறாள். அதன் பிறகு ஆங்குடன் ஒரு பயணம் (13), கட்டாராவின் அண்ணன் சொக்காவுடன் ஒரு பயணம் (14, 15) என்று ஸூக்கோ ஒவ்வொருவராகச் சரிசெய்துகொண்டு வருகிறான். கட்டாரா கடைசி. வரிசையே அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. (குழுவில் இருக்கும் டாஃபுக்கு மட்டும் அப்படி ஒரு பயணம் கிடைக்கவே இல்லை. இறுதிப் பகுதியில் அதைப் பாத்திரமே குறையாகச் சொல்வது நல்ல விஷயம்.)


மழைக்காகம்:

காட்சி அமைப்பைப் பற்றி. இந்த எபிசோடை எழுதியவர் எலிசபெத் வெல்ச் ஈஹாஸ், இயக்கியவர் ஜோகிம் டாஸ் சான்டோஸ். 'ஸூக்கோ அலோன்' எழுதியதும் ஈஹாஸ்தான். பேச்சைக் குறைத்து முடிவைச் செயலில் காட்டுவது இரண்டிலும் தெரியும்.

பலர் மழைக் காட்சியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதைத் தாங்குவது அதற்கு முந்தைய கப்பல் காட்சி. கயாவின் கிராமத்தைத் தாக்கிய தீ நாட்டுப் படையான சதர்ன் ரைடர்ஸின் கப்பலில் அலைகளை எழுப்பி வீரர்களைத் தளத்திலிருந்து அடித்துத் தள்ளுகிறாள். பிறகு தளபதியின் அறைக்குள் நுழைந்து அவனைப் பிளட்பெண்டிங் (ரத்தத்தை வசப்படுத்தி ஆளை ஆட்டுவிக்கும் வித்தை) செய்கிறாள். உடம்பு அவன் பேச்சைக் கேட்காமல் முறுக்கிக்கொண்டு தரையில் மடங்குகிறது. ஸூக்கோ விக்கித்து நிற்கிறான். அப்புறம்தான் முகத்தைப் பார்த்து இவன் அவன் இல்லை என்கிறாள்.

இந்த ஒரு காட்சி மூன்று வேலை செய்கிறது. ஒன்று, அவளால் கொல்ல முடியும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லாமல் ஆக்குகிறது. இரண்டு, இதே புத்தகத்தின் 8ஆம் எபிசோடில் பௌர்ணமி இரவில், இந்த வித்தையை உருவாக்கிய கிழவி ஹாமாவைத் தடுப்பதற்காக வேறு வழியில்லாமல் இதே வித்தையைப் பயன்படுத்திவிட்டு அழுதவள், இப்போது தானாகவே அதைக் கையில் எடுக்கிறாள். எட்டு எபிசோடில் எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்று வசனம் இல்லாமல் தெரிகிறது. மூன்று, அவள் செய்ததிலேயே மிக மோசமான காரியம் தப்பான ஆள் மேல் விழுகிறது. பழிவாங்கல் குறி தவறும் என்று யாரும் உபதேசிக்கத் தேவையில்லாமல் போகிறது.

மழைக் காட்சிக்கு வருவோம். யான் ரா ஓய்வு பெற்ற கிழவன். எதைச் செய்தாலும் குறை சொல்லும் தாயுடன் இருக்கிறான், சந்தைக்குப் போய் வருகிறான். கட்டாரா முகமூடியை இறக்குகிறாள், அவனுக்கு அடையாளம் தெரிகிறது. அந்தக் கிராமத்தில் இன்னும் ஒரு வாட்டர்பெண்டர் இருப்பதாகத் தகவல் வந்ததாம், கயா தானே அது என்று சொல்லிக்கொண்டாளாம். அவள் பொய் சொன்னாள், கடைசி வாட்டர்பெண்டரைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்கிறாள் கட்டாரா. யார் அது என்று கேட்கிறான். நான்தான் என்று சொல்லும் அந்த நொடியில் மழை நின்றுவிடுகிறது, சுற்றிலும் துளிகள் அந்தரத்தில் தொங்குகின்றன. துளிகள் திரண்டு பனி ஈட்டிகளாகி அவனை நோக்கிப் பாய்ந்து, தோலுக்கு மிக அருகில் உறைந்து நிற்கின்றன.

அம்மா செத்தது தன்னைக் காப்பாற்றத்தான் என்ற உண்மையும், அவள் சக்தியின் உச்சமும், கொலைக்கு மிக நெருங்கிய தருணமும் ஒரே இடத்தில் குவிகின்றன. அந்த உண்மையைப் பத்து நிமிடம் முன்பே சொல்லியிருந்தால் மழை நிற்பது வெறும் வித்தையாகத் தெரிந்திருக்கும்.


செவ்வானம்:

ஆங் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்த எபிசோடைப் பற்றிய பேச்சில் அவனை வெறும் உபதேசியாக ஆக்கிவிடுகிறார்கள், அது நியாயமில்லை.

பழிவாங்கல் இரண்டு தலைப் பாம்பு மாதிரி, எதிரி வீழ்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நமக்கும் விஷம் ஏறும் என்று துறவிகள் சொல்வார்கள் என்கிறான். ஸூக்கோ கிண்டலடிக்கிறான், இது பாலர் பள்ளி இல்லை என்கிற மாதிரி. ஆனால் ஆங்குக்கு அதைச் சொல்லும் தகுதி இருக்கிறது. அவன் இனமே அழிக்கப்பட்டது. இரண்டாம் புத்தகம் 11ஆம் எபிசோடில் தன் பறக்கும் காட்டெருமை ஆப்பாவைத் திருடிய பாலைவனக்காரர்கள் மேல் வெறி கொண்டு கட்டுமீறிப் போனவனும் அவனே. அன்று அவன் கையைப் பிடித்து இறக்கியது கட்டாரா. இப்போது இடம் மாறி நிற்கிறார்கள். ஜெட் பேசுவது மாதிரிப் பேசுகிறாய் என்று ஆங் சொல்வதும் தற்செயல் இல்லை, முதல் புத்தகம் 10ஆம் எபிசோடில், பழிவெறியில் அப்பாவிகளையும் பலியிடத் துணிந்த ஜெட்டை நம்பி ஏமாந்ததும் அவள்தானே.

இன்னொன்று, அவன் தடுப்பதில்லை. கட்டாரா ஆப்பாவை இரவில் கிளப்பப் பார்க்கும்போது வந்து, போ, அவனை எதிர்கொள்ள வேண்டியது உனக்குத் தேவைதான், ஆனால் பழியைத் தேர்ந்தெடுக்காதே என்று விடுகிறான். நாயகியைப் பூட்டி வைக்கும் நல்லவனாக அவனை எழுதியிருந்தால் அவள் தப்பிப் போனதே வெற்றியாகியிருக்கும், பிறகு கொல்லாமல் விட்டது தோல்வியாகத் தெரியும்.

கடைசியில் அவன் சொன்னதும் முழுதாக நடப்பதில்லை. மன்னிப்புதான் ஆறுவதற்கு முதல் படி என்கிறான், நான் மன்னிக்கவில்லையே என்கிறாள். ஸூக்கோ சொன்னதும் நடக்கவில்லை, அவன் எதிர்பார்த்தது பழி. இரண்டு பேருமே ஓரளவு தவறிப் போகிறார்கள். கொல்லாமல் விட்டது பலவீனமா பலமா என்று தனக்கே தெரியவில்லை என்று அவள் சொல்கிறாள், அதற்கு யாரும் விடை தருவதில்லை. அந்த இடத்தில் எழுத்தாளர் காட்டிய கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும்.


நீலத்திமிங்கலம்:

எல்லோருக்கும் நன்றி. சிக்கல் என்னவென்றால், இவர்களுக்கு முன்னால் 55 எபிசோட் இருந்தது. எனக்கு 5 மட்டும்தான். குறைந்தபட்சம் எதை வைத்தே ஆக வேண்டும், எதை விடலாம்?


கதைத்தச்சன்:

மூன்று விதைகள் போதும், ஆனால் மூன்றும் வேறு வேறு எபிசோடில் இருக்க வேண்டும்.

உடன் போகிறவனுக்கும் நாயகிக்கும் இடையிலான துரோகம் 2இல் முடிந்துவிட வேண்டும். பேச்சில் இல்லாமல், அவள் கண்ணெதிரே நடக்க வேண்டும். அவளுடைய ஆபத்தான சக்தியை 3இல் காட்டுங்கள், அப்போது அதை நல்ல காரணத்துக்கு, மனம் நடுங்கிப் பயன்படுத்த வேண்டும். பிறகு வேறொருவர் பழிவாங்கி அது அப்பாவிகள் மேல் விழும் சின்னக் கிளைக்கதை ஒன்று. இது 1இலேயே வரலாம், 5 நிமிடம் போதும். இறந்த தாயைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். ஒரு பொருள் போதும், கட்டாராவின் கழுத்து நகை எத்தனை எபிசோடில் வசனமே இல்லாமல் வேலை செய்கிறது என்று பாருங்கள்.

எபிசோடுக்குள் கெட்டுப்போகும் இடங்கள்தான் முக்கியம். வில்லன் மனம் வருந்தி அழுதால் முடிவு அவன் கைக்குப் போய்விடும். அவன் வருந்தியதால் விட்டாள் என்று ஆகிவிடும். யான் ரா வருந்துவதில்லை. என் அம்மாவை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று பேரம் பேசுகிறான். அவனுக்குள் ஒன்றுமே இல்லை என்று அவள் கண்டுகொள்வது அங்கேதான். அவன் வெறும் கூடு, கொன்றாலும் அம்மாவுக்கு ஈடாக எதுவும் கையில் வரப்போவதில்லை.

அதே மாதிரி வில்லன் இன்னும் ஊரை எரித்துக்கொண்டிருப்பவனாக இருக்கக்கூடாது. அவனை விட்டுவிட்டு வந்தால் நாளை சாகப்போகிறவர்களின் பழி அவள் மேல் வரும், பார்ப்பவர் அவளை மன்னிக்க மாட்டார். பதவி போனவன், அதிகாரம் இல்லாதவன் என்றால்தான் கேள்வி முழுக்க அவளைப் பற்றியதாக நிற்கும்.

அடுத்து, உச்சக்காட்சியில் உடன் இருப்பவன் வாய் திறக்கக்கூடாது. ஈட்டிகள் பாயும்போது ஸூக்கோ தடுப்பதும் இல்லை, தூண்டுவதும் இல்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் தேர்வு அவனுடையதாகியிருக்கும். வாக்குவாதம் எல்லாம் பயணம் கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.


பனிமலை:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்த எபிசோடை அப்படியே அச்செடுக்க வேண்டாம். இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது.

கப்பலில் செய்த பிளட்பெண்டிங்குக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஸூக்கோ நேரில் பார்த்தான், ஆனால் ஆங்கிடம் அந்தப் பேச்சு வருவதே இல்லை. யான் ராவைக் கொல்லாமல் விட்டதற்குப் பாராட்டு கிடைக்கிறது, சம்பந்தமில்லாத ஒருவனை வதைத்தது அப்படியே கரைந்துவிடுகிறது. மழைக்காகம் சொன்ன மூன்று வேலைகளையும் அந்தக் காட்சி செய்கிறது, உண்மைதான். நாலாவதாக ஒரு விலையும் அதற்கு இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று சொக்கா. அவள் எனக்கும் அம்மாதான், ஆங் சொல்வது சரியாக இருக்கலாம் என்கிறான். அப்படியானால் நான் நேசித்த மாதிரி நீ அவளை நேசிக்கவில்லை என்று வெட்டிவிடுகிறாள். மூன்றாம் புத்தகம் 7ஆம் எபிசோடில் இதே சொக்கா டாஃபிடம் என்ன சொன்னான்? அம்மாவை நினைத்துப் பார்த்தால் கட்டாராவின் முகம்தான் மனக்கண்ணில் வருகிறது என்றான். கட்டாராவும் அதை மறைவிலிருந்து கேட்டாள். அதைக் கேட்டவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வருவதால்தான் அது அவ்வளவு கொடூரமாக விழுகிறது. ஆனால் அதற்குப் பிறகு இந்த எபிசோடுக்குள் அண்ணனும் தங்கையும் அதைப் பேசித் தீர்ப்பதே இல்லை. தொடக்கத்தில் அஸூலாவின் தாக்குதலுக்குப் போன நேரத்தில் அரை நிமிடம் எடுத்திருந்தால் போதும்.

அதற்குப் பதிலாக முடிவு வேறு பக்கம் திரும்புகிறது. வன்முறை ஒருபோதும் தீர்வாகாது என்று ஆங் சொன்னதும், அப்படியானால் தீ நாட்டின் மன்னரான என் அப்பாவை எதிர்கொள்ளும்போது என்ன செய்யப்போகிறாய் என்று ஸூக்கோ கேட்கிறான். இது ஒளிபரப்பானது 2008 ஜூலை 17, இறுதிப் பகுதி ஜூலை 19. இரண்டே நாளில் வரப்போகும் முடிவுக்குக் கொக்கி போட்டிருக்கிறார்கள். உங்கள் 6ஆவது எபிசோடுக்கு இந்தக் கொக்கி தேவைதான், ஆனால் நாயகியின் காட்சிக்குள்ளேயே அதைத் திணிக்காதீர்கள். அவள் ஸூக்கோவைக் கட்டிக்கொண்டு விலகிப் போகிறாள், அவள் போன பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. உங்கள் சொக்காவுக்கு அந்த இடைவெளியில் இரண்டு வரி வையுங்கள், கொக்கியை அதற்கு அடுத்து மாட்டுங்கள்.