பியரை விட்டேன், பின்னேரம்தான் போகுதில்லை

உவர்மலைப் பெடியன்:
ஈஸ்டருக்கு முந்தின 40 நாள் தவக்காலம் தொடங்கின விபூதிப் புதனோடு பியரை விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்தால் டச்சுக்குடாக் கடற்கரையில் கூட்டாளிமாரோடு இருப்பதுதான் வழக்கம். இப்போது போவதில்லை. வீட்டில் போனை நோண்டிக்கொண்டு கிடக்கிறேன். 'ஐயா சாமியாராகப் போறார்' என்று வாட்ஸ்அப்பில் பகிடி வேறு. விட்டால் வாழ்வு நிறையும் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். எனக்கு வெறுமைதான் மிச்சம். உங்களுக்கு எப்படி?

மூதூரான்:
ஞாயிறு அந்த 40 நாள் கணக்கில் வராது, தம்பி. கத்தோலிக்கருக்குக் கட்டாய ஒருசந்தி (ஒரு நேரம் மட்டும் முழுச் சாப்பாடு) விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான், அதுவும் 18 முதல் 59 வயது வரை. பியரை விடச் சொல்லி ஒருவரும் சட்டம் போடவில்லை. ஞாயிறில் ஒன்று குடியுங்கள்.

பாலையூற்று அக்கா:
கணக்குச் சரி, ஆனால் தம்பி கேட்டது அது இல்லையே.

நான் ஒரு தவக்காலத்தில் சீரியலை விட்டேன். முதல் வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், வீட்டுக்காரரோடு சண்டையும் வந்தது. அப்புறம் அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போகத் தொடங்கினேன். சைவ சமய ஆள், பிள்ளைகள் கனடாவில், கண் பார்வை மட்டு. மருந்தை வேளைவாரியாக அடுக்கி வைப்பேன், மகளுக்கு வீடியோ கோல் எடுத்துக் கொடுப்பேன். அந்த மகள் இப்போது என் பேறுகால வைத்தியம் வரைக்கும் விசாரிக்கிற ஆள். சீரியலில் யார் யாரைக் கட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பைபிளில் எசாயா 58ஐ வாசியுங்கள். தலையைக் குனிந்து சாக்கு உடுத்துவதா நோன்பு, பசித்தவனோடு உணவைப் பகிர்வதல்லவா என்று நேராகவே கேட்கிறது. நீங்கள் மிச்சம் பிடிக்கிற பியர்க் காசு எங்கே போகிறது?

மாற்கு 10:30இல் இயேசுவுக்காக எல்லாவற்றையும் விட்டவர்களுக்குக் கிடைப்பது வீடு, தாய், பிள்ளைகள், நிலம் என்று நூறு மடங்கை அடுக்கும்போது இன்னலையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. பிரசங்கத்தில் அதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். பிள்ளைகள் என்றால் எனக்கு ஹேபர்ட் சுவாமிதான் ஞாபகம். அமெரிக்காவின் லூசியானாவை விட்டு வந்த இயேசு சபைக் குரு, இலங்கையின் கிழக்கில் எத்தனையோ பெடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கினவர். 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற வழியில் காணாமல் போனார். அவரிடம் விளையாடினவர்களோடு கதைத்துப் பாருங்கள், தகப்பனைப் பற்றிக் கதைப்பதுபோல இருக்கும்.

கிறீன் வீதி:
நாங்கள் மெதடிஸ்ட் சபை, கத்தோலிக்கர் இல்லை, ஒருசந்திச் சட்டம் எங்களுக்கு இல்லை. ஒன்று கேட்கிறேன்: விட்டது பியரையா, கூட்டாளிமாரையா? போய் இருந்து ஒரு ஜிஞ்சர் பியர் குடிக்கலாமே. பகிடி பண்ணட்டும். வீட்டில் பிரச்சினை வந்தால் அவர்களில் ஒருவன் உங்களைத்தான் தனியாகக் கூப்பிட்டுக் கதைப்பான்.

உவர்மலைப் பெடியன்:
அது சரிதான் அண்ணா, இந்த வெள்ளி போகிறேன். ஆனால் அங்கே எப்போதும் கோழிப் பொரியல். தவக்கால வெள்ளி சுத்தபோசனம், இறைச்சி கூடாது. கணவாய் தின்னலாம்தானே, அக்கா?

பாலையூற்று அக்கா:
தின்னலாம், இறைச்சிக்குத்தான் தடை. டெவில் கணவாயை ஒறுத்தல் என்று சுவாமியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.