கடந்த ஓராண்டில் பார்த்த அனிமே: எது நின்றது, எது சலித்தது?

காலடிப்பேட்டை அத்தை:

2025இல் பார்த்த அனிமேக்களை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படங்களையும் தொடர்களையும் பற்றிக் கொஞ்சம் பொரிந்து தள்ள வேண்டும். கடைசியில் ஒரு கேள்வியும் இருக்கிறது. பொறுமை உள்ளவர்கள் மட்டும் படியுங்கள்.

துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ஷிப்பிங் பில் தயாரிப்பவள் நான். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்குவதற்குள் அரை எபிசோடு ஓடிவிடும். மிச்ச அரை மாலையில். இதில் என்னை இழுத்துவிட்டவர்கள் என் அண்ணன் மகன்கள். இப்போது அவர்களுக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது, எனக்கு அப்படி ஒரு தொல்லை இல்லை.

செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழ்க் குரலிலும் திரைக்கு வந்தது. பையன்கள் இருவரையும் அழைத்துப் போனேன். மேல் எது கீழ் எது என்று தெரியாமல் அறைகளும் படிகளும் புரண்டுகொண்டே இருக்கும் அந்தக் கோட்டையை வரைந்த யூஃபோடேபிள் ஸ்டுடியோ ஆட்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் படத்தில் எத்தனை முறைதான் சண்டையை நிறுத்திவிட்டுப் பழங்கதைக்குப் போவது? வாளை ஓங்கினால் ஒருவருடைய இளமைக்காலம். வெட்டு விழுவதற்குள் இன்னொருவருடைய இளமைக்காலம். சின்னவன் என் தோளில் சாய்ந்து தூங்கியே போனான். அகாசா என்ற அசுரனின் கதைக்கு மட்டும் நான் துப்பட்டாவைத் தேடினேன். அசுரனாவதற்கு முன்பு அவன் யார் யாரை இழந்தான் என்று பார்த்த பிறகு, நாயகன் தான்ஜிரோவின் வெற்றியில் எனக்கு எந்த மகிழ்ச்சியும் மிஞ்சவில்லை. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

'சோலோ லெவலிங்' இரண்டாம் சீசனைப் பெரியவன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறான். முதல் சீசனில் நாயகன் ஜின்வூ, அரக்கர்களை வேட்டையாடுகிறவர்களில் இருப்பதிலேயே கீழ்த்தர வேட்டைக்காரனாக வந்து, உயிர் பிழைத்தால் போதும் என்று தவித்தபோது நானும் கூடவே தவித்தேன். இரண்டாவதில் எதிரே எவன் வந்தாலும் முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது. ஜேஜூ தீவில் அந்த அரக்க எறும்பு மற்ற வேட்டைக்காரர்களைக் கிழித்துப் போடும்வரை பயமாகத்தான் இருந்தது. இவன் வந்து இறங்கினானா, நான் எழுந்து போய்ச் சோற்றை வடித்துவிட்டு வந்தேன். நீண்ட தூக்கத்திலிருந்து அவன் அம்மா கண்விழிக்கும் காட்சி நன்றாக இருந்தது. அங்கே யாரையும் அடித்து ஜெயிக்க முடியாது என்பது காரணமாக இருக்கலாம்.

'ஒன் பஞ்ச் மேன்' மூன்றாம் சீசனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அசையாத ஒரு படத்தின் மேல் காமிராவை நகர்த்திவிட்டு அதைச் சண்டை என்கிறார்கள். 2015இல் மேட்ஹவுஸ் ஸ்டுடியோ எடுத்த முதல் சீசனைப் பார்த்த கண்ணுக்கு இது தண்டனை. இத்தனைக்கும் இதன் நாயகன் சைதாமாவும் ஒருபோதும் தோற்காதவன்தான். ஆனால் ஜெயித்து ஜெயித்து அவனுக்கே அலுத்துவிட்டது என்பதுதான் அங்கே வேடிக்கை. ஜின்வூவுக்கு அலுக்கவில்லை, எனக்குத்தான் அலுக்கிறது.

சரி, நின்றது எது? சந்தேகமே இல்லாமல் 'ஆர்ப்'. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கணக்குப் போட்டவர்களை 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள். வரலாற்றில் இப்படியொரு வேட்டை அந்தக் காலத்தில் நடக்கவில்லை. கோப்பர்நிகஸின் நூலே 1543இல்தான் வந்தது. இது முழுக்கக் கற்பனை, ஆனாலும் நெஞ்சைப் பிடிக்கிற கற்பனை. ஒருவர் பிடிபடுவார், அவருடைய குறிப்புகள் முன்பின் தெரியாத அடுத்தவர் கைக்குப் போகும். யாரை நாயகன் என்று நம்பி உட்கார்ந்தீர்களோ அவர் கடைசிவரை வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள், அதற்கு மேல் வாய் திறக்கமாட்டேன். சித்திரவதை செய்யும் நோவாக் இருக்கிறானே, அவனுக்குக் கொம்பும் இல்லை, கோரைப்பல்லும் இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு வேலையை முடிப்பான், வீட்டுக்குப் போய் மகளைக் கொஞ்சுவான். இன்ஃபினிட்டி காஸிலின் மொத்த அசுரர் கூட்டமும் என்னை அவனளவுக்குப் பயமுறுத்தவில்லை.

'அபோதெகரி டைரீஸ்' இரண்டாம் சீசனும் பிடித்தது. தன் கையிலேயே விஷத்தைத் தடவிப் பார்க்கும் மாவ்மாவ் எனக்கு நெருக்கமானவள். அரண்மனை அதிகாரி ஜின்ஷி கொஞ்சம் குறைவாகப் பெருமூச்சு விட்டால் நல்லது.

ஒரு எச்சரிக்கை: 'டகோபி' என்று 6 எபிசோடு மட்டும் உள்ள ஒன்று இருக்கிறது. ஆக்டோபஸ் மாதிரி கொழுகொழுவென்று ஒரு வேற்றுக்கிரக ஜீவன் சிரித்துக்கொண்டு நிற்கும். போஸ்டரைப் பார்த்து ஏமாந்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே பள்ளியில் நடக்கும் கொடுமை, வீட்டில் நடக்கும் கொடுமை, தற்கொலை எல்லாம் வருகிறது. நல்ல படைப்புதான், பெரியவர்களுக்கு.

இனி கேள்வி. தோற்பவர்களுக்கும் மரியாதை இருக்கிற தொடர்கள் வேண்டும். தோற்றவன் அடுத்த எபிசோடிலேயே புதுச் சக்தி பெற்று எழுந்துவிடக் கூடாது. பழையதானாலும் சரி. எனக்கு வயதாகிவிட்டதால் இப்படிக் கேட்கிறேனா, உங்களுக்கும் இப்படித்தான் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

பெரம்பூர் பைக்:

அக்கா, 'சோலோ லெவலிங்' பற்றி நீங்கள் எழுதியதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். மாதவரத்தில் நான்காம் மாடிக்கு ஏறிப் போனால் கதவு பூட்டியிருக்கும், போனை எடுக்கமாட்டார்கள். பார்சலைத் திருப்பிக் கொண்டுவந்தால் அதற்கும் என் கணக்கில்தான் கழிப்பார்கள். இரவு சாப்பிட உட்காரும்போது திரையிலும் ஒருவன் தோற்பதைப் பார்க்க வேண்டுமா?

ஜின்வூவுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கட்டளை வரும்: 100 புஷ்-அப், 100 சிட்-அப், 100 ஸ்குவாட், 10 கிலோமீட்டர் ஓட்டம். செய்து முடித்தால் வீடியோ கேம் மாதிரி அவன் பலத்தின் எண் ஏறும். பட்ட பாடு வீண்போகாமல் கண்ணெதிரே ஏறுகிறது பாருங்கள், எனக்கு அது போதும். என் வாழ்க்கையில் ஏறுவது பெட்ரோல் கணக்கு மட்டும்தான்.

இன்ஃபினிட்டி காஸில் பழங்கதைகளுக்கு வருவோம். அவை கொயோஹாரு கொதோகே எழுதிய மாங்காவிலேயே, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையிலேயே இருப்பவை. தாளில் சரசரவென்று புரட்டிப் போய்விடலாம், திரையில் அதே இடம் நீண்டுவிடுகிறது. இது மூன்று படங்களில் முதல் படம்தான், மீதி இரண்டையும் நான் முதல் நாளே பார்ப்பேன்.

காசிமேட்டுக்காரி:

அத்தை, 'ஹஜிமே நோ இப்போ' பார்த்திருக்கிறீர்களா? குத்துச்சண்டைத் தொடர், 2000இல் தொடங்கியது, மேட்ஹவுஸ்தான். நாயகன் பெயர் இப்போ, அவன் அப்பா கடலில் இறந்துபோனவர். தூண்டில் போட வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போகும் தொழிலை அம்மா நடத்துகிறார், பையன் கூடமாட நிற்கிறான். பள்ளியில் அவன் மேல் தூண்டில் புழு வாடை அடிக்கிறது என்று சொல்லி அடித்து விரட்டுகிறார்கள்.

அந்தக் காட்சியில் நான் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது என் பக்கத்தில் உட்காராமல் இடம் மாறிய பெண்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அம்மா விடியற்காலையில் ஏலத்துக்குப் போய்க் கூடை எடுப்பவர். பள்ளிக்குக் கிளம்புமுன் நானும் கூடையைப் பிடித்துவிட்டுத்தான் போவேன், எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் வாடை நிற்கும்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அவனுடைய பலம் வானத்திலிருந்து விழவில்லை. ஆடுகிற படகில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்று நின்று இடுப்பும் காலும் உறுதியாகியிருக்கின்றன. இதை எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விசைப்படகில் போகும் என் மாமாவின் நிற்பைப் பார்த்தாலே தெரியும். தகாமுரா என்ற மூத்த குத்துச்சண்டை வீரன் அவனிடம் மரத்திலிருந்து உதிரும் இலைகளில் பத்தை ஒரே மூச்சில் பிடித்துக்காட்டச் சொல்வான். அந்தப் பயிற்சியை எடுத்திருக்கும் விதத்துக்கே தொடரைப் பார்க்கலாம். தோற்றவர்களின் வீடு, பயிற்சியாளர், அவர்கள் எதற்காக வளையத்துக்குள் வந்தார்கள் என்பதற்கெல்லாம் நேரம் ஒதுக்குவார்கள். 75 எபிசோடு என்று பயப்படாதீர்கள்.

ராயபுரம் பழைய கையுறை:

குத்துச்சண்டைப் பேச்சு வந்துவிட்டதால் நுழைகிறேன். பனைமரத்தொட்டிப் பக்கம் சிறுவயதில் கையுறை மாட்டியவன். 'அஷிதா நோ ஜோ' பாருங்கள். மாங்கா 1968இல் தொடங்கியது, முதல் அனிமே 1970இல் வந்தது, இயக்கியவர் ஒசாமு தெசாகி. கூலிக்காரர்கள் குடியிருக்கும் குப்பத்தில், பாலத்துக்குக் கீழே ஒரு குடிகாரப் பயிற்சியாளரும் ஒரு போக்கிரிப் பையனும்.

அதில் ரிகிஷி என்ற எதிராளி ஜோவுடன் மோதுவதற்காகவே உடல் எடையைக் கொடூரமாகக் குறைத்துக் கீழ்ப் பிரிவுக்கு வருகிறான், அதற்கு உயிரையே விலையாகக் கொடுக்கிறான். 1970 மார்ச் மாதம் கோடன்ஷா பதிப்பகத்தில் அந்தக் கற்பனைப் பாத்திரத்துக்கு நிஜமாகவே இறுதிச் சடங்கு நடத்தினார்கள், நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். முன்னின்று நடத்தியவர் கவிஞர் ஷூஜி தெராயாமா. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பெயருக்காக ஊரே இரண்டுபட்டதைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது விந்தையாகப் படவில்லை. எடை குறைக்கிறேன் என்று எச்சிலைத் துப்பிக்கொண்டே திரிந்த பையன்களை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பகுதிகள் அச்சு அசலாக இருக்கின்றன. சண்டைக் காட்சிகளில் மட்டும் எல்லோரும் கையால் தாடையை மறைக்காமல் நிற்கிறார்கள், எங்கள் வாத்தியார் பார்த்தால் பிரம்பை எடுத்திருப்பார்.

வண்ணாரப்பேட்டை ஸ்ட்ரைக்கர்:

'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்'. 2016இல் தொடங்கி இரண்டு சீசன், 44 எபிசோடு, ஷாஃப்ட் நிறுவனம். ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி ஆடும் பதினேழு வயதுப் பையன் ரெய், ஆற்றங்கரையில் தனியாக வசிக்கிறான். அக்கரையில் மூன்று சகோதரிகள் அவனுக்குச் சோறு போட்டே தேற்றுகிறார்கள்.

நான் கேரம் ஆடுகிறவன். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் பக்கத்துப் பெண், அதனால் இப்போது கிளப்புகளில் சின்னப் பிள்ளைகள் கூட்டம். ஜெயிக்க வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது, தோற்ற பிள்ளையை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. சிவப்பைப் போட்டுவிட்டு அடுத்த காயைத் தவறவிட்ட ஒரு பெண் ஸ்ட்ரைக்கரை வீசிவிட்டுப் போனவள் இரண்டு வாரம் வரவேயில்லை.

ஷோகியில் ராஜா சிக்கும்வரை இழுப்பதில்லை. தோற்பவரே குனிந்து "தோற்றேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன்பிறகு இருவரும் அதே பலகையில் ஆட்டத்தை மறுபடி வைத்து, எங்கே தவறியது, வேறு என்ன ஆடியிருக்கலாம் என்று பேசுவார்கள். ஜெயித்தவரும் கூட உட்கார்ந்து பேசுகிறார், அதுதான் முக்கியம். அதைப் பார்த்துவிட்டு எங்கள் கிளப்பிலும் ஆரம்பித்திருக்கிறேன், பிள்ளைகள் முதலில் முறைத்தார்கள். தொடரில் ஷிமாதா என்று ஒருவர் வருவார், வயிற்று வலியோடு ஆடுகிறவர், ஊரே அவர் பட்டம் வாங்குவார் என்று காத்திருக்கிறது. என்ன ஆகிறது என்று நீங்களே பாருங்கள். அத்தை கேட்டது இவரைத்தான்.

காலடிப்பேட்டை அத்தை:

எல்லோருக்கும் நன்றி. காசிமேட்டுக்காரி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு முதல் இரண்டு எபிசோடு பார்த்தேன். அந்தப் புழு விஷயத்தில் எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

ராயபுரம் ஐயா, உங்கள் பரிந்துரைக்கும் வணக்கம். ஆனால் ரிகிஷியின் முடிவை இப்படிப் போட்டு உடைத்துவிட்டீர்களே! ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கதை என்றாலும் எனக்கு அது புதுக் கதைதானே.

பெரம்பூர்த் தம்பி, நாள் முழுக்கத் தோற்றுவிட்டு வருகிறவனுக்கு வெற்றி வேண்டும் என்பது நியாயம்தான். அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஜின்வூவுக்கு ஏறுகிற எண் உனக்கு ஏறாது என்று தெரிந்தபிறகும் அதைப் பார்க்க வயிறு எரியவில்லையா? எனக்கு எரிகிறது. அதனால்தான் இப்போவின் ஐஸ் பெட்டி பிடித்திருக்கிறது. அந்தப் பெட்டியைத் தூக்கினால் எனக்கும் கால் பலம் வரும், ஜின்வூவின் கத்தியை எங்கே போய் வாங்குவது?

பெரம்பூர் பைக்:

வயிறெல்லாம் எரியவில்லை அக்கா, தூக்கம் நன்றாக வருகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் தேடுகிற ஆள் நீங்கள் திட்டிய 'ஒன் பஞ்ச் மேன்' மூன்றாம் சீசனிலேயே இருக்கிறான். காரோ. சிறுவயதில் விளையாட்டு என்றால் அவனுக்கு எப்போதும் அரக்கன் வேடம்தான் கொடுப்பார்கள். நாயகன்தான் ஜெயிப்பான் என்பது முன்பே முடிவான விஷயம், எல்லோருக்கும் பிடித்த பையன்தான் நாயகன். அந்தக் கடுப்பில்தான் அவன் அரக்கர்கள் பக்கம் போய் நிற்கிறான். அனிமேயை விட்டுத்தள்ளுங்கள், யூசுகே முராட்டா வரைந்த மாங்காவில் அந்தப் பகுதியைப் படியுங்கள். ஒவ்வொரு பக்கமும் தெறிக்கும்.