என்ரிச்மென்ட்: ‘செறிவூட்டல்’ சரிதானா?

வணக்கம். வயிற்றுப்போக்குக் கிருமிகளைக் கண்காணிக்கும் ஆய்வகக் கையேட்டில் ‘என்ரிச்மென்ட்’ (தேடும் கிருமி மற்றவற்றை மிஞ்சும்படி ஊட்டக் குழம்பில் வளர்ப்பது) வரும் இடமெல்லாம் ‘செறிவூட்டல்’ என்று எழுதுகிறோம். அதே கையேட்டில் 100 மி.லி. நீரை 0.45 மைக்ரான் சவ்வில் வடிகட்டிக் கிருமிகளைத் திரட்டுவதும் ‘செறிவூட்டல்’. வடிகட்டியதை எண்ணி 100 மி.லி.க்கு இத்தனை என்று எழுதலாம். குழம்பில் வளர்த்ததை எண்ணிப் பயனில்லை. உண்டு, இல்லை என்பதே விடை. ‘செறிவூட்டிய மாதிரி’ என்ற குறிப்பை வைத்து எதை நம்புவது? ‘பெருக்கல்’ எனலாமா?

---

பெருக்கல் வேண்டாம் ஐயா. பிசிஆர் சோதனையில் டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்குவதற்கு அந்தச் சொல் போய்விட்டது. தவிர, இங்கே எல்லாமே பெருகுவதில்லை; நாம் தேடுவது மற்றவற்றை முந்த வேண்டும். காலராவுக்குக் காரப் பெப்டோன் நீர் (பிஎச் 8.4 முதல் 8.6), 35–37 டிகிரி, 6–8 மணி நேரம். காலராக் கிருமியான விப்ரியோ காரத்தைத் தாங்கி விரைந்து வளர்ந்து, காற்றை நாடி மேலே ஆடைபோல் படரும். அதனால் குழாயைக் குலுக்காமல் மேற்பரப்பிலிருந்து வளையக் கம்பியால் எடுத்து, விப்ரியோவைப் பிரித்துக்காட்டும் டிசிபிஎஸ் ஊடகத் தட்டில் கீறுகிறோம். விப்ரியோ காலரே சுக்ரோஸை நொதிக்கச் செய்வதால் மஞ்சள் திட்டுகள் தெரியும். 8 மணி நேரம் தாண்டினால் மற்றவை எட்டிப்பிடித்துவிடும். எனவே ‘முந்துவளர்ப்பு’ என்பேன்.

---

கருத்து சரி, சொல்லில் சிக்கல். ‘முந்து’ என்றதும் ‘முன்னதாகச் செய்யும் வளர்ப்பு’ என்றே படிப்பார்கள். அப்படி ஒரு படி உண்மையிலேயே இருக்கிறது: உணவுவழி பரவும் சால்மொனெல்லா கிருமிக்கான ப்ரீ-என்ரிச்மென்ட். 25 கிராம் உணவை 225 மி.லி. தாங்கல் பெப்டோன் நீரில் இட்டு 37 டிகிரியில் சுமார் 18 மணி நேரம். அங்கே எதையும் தடுக்கும் பொருள் கிடையாது. சூட்டிலும் உலர்த்தலிலும் அடிபட்ட கிருமி தேறுவதற்கான இடம் அது. இதைத் தவிர்த்து நேரே ராப்பபோர்ட் என்ற, மற்றக் கிருமிகளைத் தடுக்கும் குழம்பில் போட்டால், அதிலுள்ள மாலகைட் பச்சைச் சாயம் அடிபட்ட சால்மொனெல்லாவையும் எழவிடாது. கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும். தேறியபின் 0.1 மி.லி. எடுத்து 10 மி.லி. ராப்பபோர்ட் குழம்பில் 41.5 டிகிரியில் வைத்தால்தான் அது ஓங்கும்.

ஆகவே முதல் படி ‘தேற்றுவளர்ப்பு’, இரண்டாவது ‘ஓங்குவளர்ப்பு’. ‘தெரிவுவளர்ப்பு’ என்றும் யோசித்தேன். டிசிபிஎஸ் போன்ற தட்டுகளை ஏற்கெனவே ‘தெரிவு ஊடகம்’ என்கிறோம், குழப்பம் வரும்.

ஒரு திருத்தம்: வளர்த்ததை எண்ணவே முடியாது என்பதில்லை. நீர்த்த மாதிரியைப் பல குழாய்களில் இட்டு, எத்தனையில் வளர்ந்தது என்று பார்த்து எம்பிஎன் (மிகவும் சாத்தியமான எண்ணிக்கை) மதிப்பீடு தரலாம். ஒரே குழாயென்றால் நீங்கள் சொன்னதுதான்.

---

‘ஓங்குவளர்ப்பு’ வாய்க்கும் எளிது. வயிற்றுப்போக்கு தரும் இன்னொரு கிருமியான கேம்பைலோபாக்டரில் வைத்துப் பார்த்தேன்: அதற்கான போல்டன் குழம்பில், ஆக்சிஜன் குறைந்த காற்றில், முதலில் 37 டிகிரியில் 4–6 மணி நேரம், பிறகு 41.5 டிகிரியில் 44 மணி நேரம். குழம்பு ஒன்றே, ஆனாலும் முதல் கட்டம் தேற்றுவது, அடுத்தது ஓங்கவைப்பது. இரண்டு சொல்லும் பொருந்துகின்றன. வடிகட்டுவதற்கு ‘செறித்தல்’ மட்டும் இருக்கட்டும். மாதிரிச் சீட்டில் இனி ‘செறித்தது, 100 மி.லி.’ அல்லது ‘ஓங்குவளர்ப்பு, 6 மணி நேரம்’ என்று எழுதிவிடலாம்.