கவர்மென்ட் ஸ்கூல்ல ஆயுத பூஜைக்கு வசூல், எல்லாருக்கும் குங்குமம்: இதை எப்படி எடுத்துச் சொல்றது?

பழனிப்பாதை:
வணக்கம் நண்பர்களே. பொண்ணு எட்டாவது படிக்கிறா, கவர்மென்ட் ஸ்கூல், நான் விரும்பித்தான் அங்க சேர்த்தேன், டீச்சர்ஸும் நல்லவங்க, அவங்களைக் குறை சொல்ல வரல. ஆயுத பூஜை லீவுக்கு முந்தின நாள் கிளாஸ்லயே பூஜை போட்டாங்க, ஆளுக்கு ஐம்பது ரூபா, வசூல் பண்ற வேலை கிளாஸ் லீடரான என் பொண்ணுகிட்ட. போர்டைத் துடைச்சு சந்தனம் குங்குமம் வச்சு, மேஜை மேல சரஸ்வதி படம், அதுக்கு முன்னாடி எல்லார் புக்கும் அடுக்கி, பொரி கடலை, சூடம். நாங்க படிச்ச காலத்துலயும் இதெல்லாம் நடந்ததுதான். அப்புறம் எல்லாரையும் லைன்ல நிக்க வச்சு நெத்தில குங்குமம் வச்சு விட்டிருக்காங்க. இவ பக்கத்துல உக்கார்ற பொண்ணு ஸ்கார்ஃப் போட்டுட்டு வர்ற பொண்ணு, "எனக்கு வேணாம் மிஸ்"னு சொல்லிருக்கு. மிஸ் திட்டல, "சரி நீ ஓரமா நில்லு"ன்னாங்களாம், அவ்ளோதான். அந்தப் புள்ள முடியற வரைக்கும் பீரோ பக்கத்துல நின்னுட்டே இருந்துச்சாம், பொரிப் பொட்டலம் கூட யாரும் குடுக்கல. "அப்பா அவகிட்டயும் நான்தான் காசு வாங்கினேன்"னு என் பொண்ணு ராத்திரி அழுதுட்டா.

நான் சாமி கும்பிடுறவன், வருஷா வருஷம் பாதயாத்திரை போறவன். ஆனா இது எனக்கு உறுத்துது. சட்டம் என்ன சொல்லுது, சண்டை ஆகாம ஸ்கூல்ல எப்படி பேசறது?

கோர்ட்டுவாசல்:
சார், அரசியல் சட்டம் 28வது பிரிவைப் படிங்க. முழுக்க அரசு காசுல நடக்கிற பள்ளியில மத போதனை கூடவே கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ வாங்குற பள்ளின்னா, அங்க நடக்கிற மத போதனைலயோ வழிபாட்டுலயோ கலந்துக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, மைனரா இருந்தா பெத்தவங்க சம்மதம் வேணும். ஆயுத பூஜை போதனையா, வெறும் பழக்கமான்னு ரெண்டு பக்கமும் வாதாடலாம், அதுக்குள்ள நான் போகல. ஆனா பொதுவா காசு வசூல் பண்ணி, எல்லார் நெத்திலயும் பொட்டு வைக்கிறது சம்மதம் கேட்டு நடக்கிற காரியம் கிடையாது.

கேரளா கேஸ் ஒண்ணு இருக்கு, 1986ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூணு பிள்ளைங்க தேசிய கீதம் பாடும்போது மரியாதையா எழுந்து நிப்பாங்க, பாட மாட்டாங்க, எங்க மதம் ஒத்துக்காதுன்னு. ஸ்கூலை விட்டு அனுப்பிட்டாங்க. திரும்பச் சேர்க்கணும்னு நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். தேசிய கீதத்துக்கே அந்த இடம் இருக்குன்னா குங்குமத்துக்கு இல்லையா?

மண்வாசம்77:
பாஸ், மன்னிக்கணும், எனக்கு இது மதப் பிரச்சினையாவே தெரியல. புக்கையும் தொழிலையும் கும்பிடுறது நம்ம ஊர் மரபு, பஸ் டிப்போல, பட்டறைல, போலீஸ் ஸ்டேஷன்ல கூட பண்றாங்க, எங்க தெருவுல பாய் ஒருத்தர் லேத் வச்சிருக்கார், அவரே மாலை போட்டு பொரி குடுப்பார். இதையும் எடுத்துட்டா ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு என்னதான் மிஞ்சும்? அந்தப் பொண்ணை ஓரமா நிக்க வச்சது தப்பு, அதை ஒத்துக்கிறேன். அதுக்காக சரஸ்வதி படத்தை எடுன்னு யாராவது கிளம்பினா நான் எதிர்ப்பேன்.

நெல்லை டீச்சர்:
இருபது வருஷத்துக்கு மேல கவர்மென்ட் டீச்சர் நான். பாய் தன் லேத்துக்குத் தானா மாலை போடுறார், அது அவர் இஷ்டம் தம்பி. கிளாஸ்ல டீச்சர் சொன்னா பிள்ளைக்கு அது ஆர்டர், "வேணாம் மிஸ்"னு சொல்ல ஒரு எட்டாங்கிளாஸ் புள்ளைக்கு எவ்ளோ தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணும் சொல்லணும். பிள்ளைங்க உடம்புல இருக்கிற அடையாளம் வேற கதை, எங்க பக்கம் அது இன்னும் சிக்கல். கைல கலர் கயிறு. கோயில் கயிறுன்னுதான் சொல்வாங்க, ஆனா எந்தக் கலர் எந்த சாதின்னு ஆறாங்கிளாஸ் பையனுக்கே தெரியும், அதைப் பாத்துத்தான் யார் கூட சாப்பிடறது, யார் டீமுன்னு முடிவாகும். 2019ல கயிறு கட்டக் கூடாதுன்னு பள்ளிக்கல்வி இயக்குநர் சுற்றறிக்கை விட்டார், கொஞ்ச நாள்லயே பழைய நிலையே தொடரும்னு அமைச்சர் சொல்லிட்டார். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில கூடப் படிக்கிற பசங்களே ஒரு பட்டியல் சமூகத்துப் பையனை வீடு புகுந்து வெட்டினாங்க, தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினாங்க. அதுக்கப்புறம் போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூன்ல அறிக்கை குடுத்துச்சு: கயிறு, மோதிரம், நெத்திக்குறி எதுவும் வேண்டாம்னு. கயிறு விஷயத்துல நான் நூறு சதவீதம் அவர் பக்கம். விபூதிக்குத் தடைன்னா என்னால முடியாது, காலைல பாட்டி பூசி விட்ட விபூதியை வாசல்ல நிறுத்தி நான் அழிக்க மாட்டேன், அதால இன்னொரு பிள்ளைக்கு அடி விழல. கயிறால விழுது.

ஸ்கூலே மதம் பேச ஆரம்பிச்சா என்ன ஆகும்னு 2024ல சென்னைல பாத்தோமே, அரசுப் பள்ளிக்கு வந்து ஒரு சொற்பொழிவாளர் முன்ஜென்மப் பாவத்தாலதான் மாற்றுத்திறனாளியாப் பிறக்கிறாங்கன்னு பேச, பார்வையில்லாத ஆசிரியர் ஒருத்தர்தான் எழுந்து கேட்டார்.

லாசப்பல் அக்கா:
பாரிஸ்ல இருந்து எழுதுறேன். இங்க 2004ல சட்டம் போட்டு அரசுப் பள்ளில பளிச்சுனு தெரியுற மத அடையாளம் எதுவும் கூடாதுன்னாங்க: ஹிஜாப், சீக்கியர் டர்பன், யூதர் தொப்பி, பெரிய சிலுவை. கழுத்துல சின்ன டாலர் பரவாயில்ல. 2023ல அபாயாங்கிற நீள அங்கியும் சேந்துச்சு. ஸ்கூல் சுவத்துல மதம் இல்லாதது எனக்கு ரொம்பப் பிடிக்கும், என் பிள்ளைங்க சாமி பேரைச் சொல்லி யாரும் ஓரமா நிக்கச் சொல்லாம படிச்சாங்க. ஆனா பிள்ளை தலைல இருக்கிறதைக் கழட்டினாத்தான் உள்ள விடுவேன்னா, அது அந்தப் பிள்ளையைத்தானே வெளில நிறுத்துது? ஹிஜாப் போடுற பொண்ணுங்க நிறைய பேர் அரசு உதவியோட நடக்கிற கத்தோலிக்கப் பள்ளிக்குப் போயிட்டாங்க, இந்தச் சட்டம் அங்க செல்லாது. இத்தனைக்கும் இங்க 11 அரசு விடுமுறைல 6 கிறிஸ்தவப் பண்டிகை. சுவத்துக்கு ஒரு ரூல், பிள்ளைக்கு ஒரு ரூல்னு பிரிச்சுப் பாருங்க, அவ்ளோதான் நான் கேக்கிறது.

ரஹ்மத் வீட்டுப் பொண்ணு:
அக்கா சொன்னது எங்க பக்கத்து ஸ்டேட்லயே நடந்துச்சே. கர்நாடகால, உடுப்பி கவர்மென்ட் காலேஜ்ல ஆரம்பிச்சு 2022 மார்ச்ல ஹைகோர்ட் ஹிஜாப் தடையை ஏத்துக்கிச்சு, அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்ல ரெண்டு நீதிபதியும் வேற வேற தீர்ப்பு. பொண்ணோட படிப்பு முக்கியமா டிரஸ் கோட் முக்கியமான்னு நீதிபதி துலியா கேட்ட கேள்விதான் எங்க வீட்ல இன்னும் பேச்சு.

பழனிப்பாதை அண்ணே, பீரோ பக்கத்துல நான் நின்னிருக்கேன். குங்குமம் வேணாம்ங்கிறதுல எனக்கு சந்தேகமே இருந்ததில்ல, எல்லாரும் திரும்பிப் பாக்கிறதுதான் தாங்காது. படத்தை எடுக்கச் சொல்லி எங்கம்மா ஒரு நாளும் கேட்டதில்ல, பேரை மட்டும் லிஸ்ட்ல இருந்து எடுங்கன்னாங்க. பொரி எங்களுக்கும் பிடிக்கும், அதை எல்லாருக்கும் குடுக்கலாம்.

பழனிப்பாதை:
எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி, நீ எழுதினதை என் வீட்டுக்காரிக்கும் படிச்சுக் காட்டினேன். படத்தை எடுக்கச் சொல்லப் போறதில்ல, மண்வாசம் தம்பி நிம்மதியா இருக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுல கேட்கப் போறது இதுதான்: எந்தப் பண்டிகைக்கும் பிள்ளைங்ககிட்ட காசு வாங்கக் கூடாது, அதுவும் இன்னொரு பிள்ளையை வச்சு வாங்கவே கூடாது. யார் நெத்திலயும் யாரும் எதுவும் வச்சு விடக் கூடாது, வேணும்கிறவங்க தானா எடுத்துக்கட்டும்.

கோர்ட்டுவாசல்:
சரியான இடம் சார், அந்தக் குழுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்கதான். டீச்சர் பேரைச் சொல்லாம, பொதுத் தீர்மானமா கொண்டு வாங்க. வாய்வார்த்தையா விட்டுடாம தீர்மானப் பதிவேட்டுல எழுத வைங்க, ஹெச்எம் மாறினாலும் அது நிக்கும். கூட்டத்துக்கு அந்தப் பொண்ணோட அம்மாவையும் வரச் சொல்லுங்க, பேச இஷ்டம் இருந்தா அவங்களே பேசட்டும்.